சனிக்கிழமை ஊகமும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கும்

அமெரிக்காவில் ஆகஸ்டு இறுதியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை சனிக்கிழமை என்றால் கல்லூரிக் கால்பந்துதான். நண்பகலில் தொடங்கி நள்ளிரவு வரை நாடெங்கும் பல்கலைக்கழக மைதானங்களில் ஆட்டங்கள் நடைபெறும். இந்த வாரம் யார் வெல்வார், யார் தோற்பார் என்று பத்திரிகை எழுத்தாளர்கள், பழைய மாணவர்கள், கடை வாசலில் கூடி நிற்பவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமையே ஊகம் சொல்லிவிடுவார்கள். ஞாயிறு காலையில் அந்த ஊகங்களை எடுத்து, வந்த முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "எட்டில் ஐந்து சரி!" என்று ஒருவர் மார்தட்டுவார். "எட்டில் ஐந்துதானா!" என்று இன்னொருவர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

இவர்களில் யார் சொல்வது சரி? எட்டில் ஐந்து என்பது நல்ல மதிப்பெண்ணா, மோசமான மதிப்பெண்ணா? ஊகம் என்கிற விடைத்தாளை எப்படித்தான் திருத்துவது? விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றுகிறது, அல்லவா? ஆனால் புயல் எச்சரிக்கை விடுப்பவரும், "இந்த நோயாளி பிழைத்துவிடுவார்" என்று சொல்லும் மருத்துவரும் இதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கால்பந்தில் ஒரு வசதி என்னவென்றால், வாரந்தோறும் விடை வந்துவிடுகிறது. ஆகவே கணக்கை அங்கே கற்றுக்கொள்வது எளிது.

கையால் ஆடும் கால்பந்து

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நாம் ஆடும் கால்பந்து வேறு. அமெரிக்கர்கள் அந்தப் பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. அங்கே பந்தைக் காலால் உதைப்பது குறைவு. கையில் ஏந்தி ஓடுவதும், எறிந்து பிடிப்பதுமே அதிகம். அணிக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் குறைந்தது 10 கெஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்தால் 6 புள்ளி. கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்பினால் 3 புள்ளி. இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. நமக்கு இது போதும்.

1869-ஆம் ஆண்டு நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ் கல்லூரியும் இன்று பிரின்ஸ்டன் என்று அழைக்கப்படும் கல்லூரியும் மோதியதைத்தான் முதல் கல்லூரி ஆட்டம் என்று கணக்கிடுகிறார்கள். ரட்கர்ஸ் 6–4 என்று வென்றது. அன்று ஆடியது ஏறக்குறைய நம் கால்பந்தைப் போன்ற ஆட்டம்தான். அணிக்கு 25 பேர், பந்தும் உருண்டை. பின்னர்தான் பந்து இரு முனைகளும் கூம்பிய வடிவம் பெற்றது.

அந்த வடிவத்தில்தான் ஒரு பௌதிகச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. உருண்டைப் பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் எழும் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். கூம்பிய பந்து தரையைத் தொடும் கணத்தில் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறதோ, எப்படிச் சுழன்றுகொண்டிருக்கிறதோ, அதைப் பொறுத்து முன்னும் போகும், பின்னும் வரும், பக்கவாட்டிலும் தாவும். சில பாகைகள் மாறினாலே திசை தலைகீழாகிவிடும். ஒரு வீரரின் கையிலிருந்து நழுவிய பந்து இரண்டு அணியினரின் நடுவில் துள்ளும்போது அது யார் கைக்குப் போகும் என்பதை எந்த நிபுணரும் வெள்ளிக்கிழமையே சொல்ல முடியாது. ஆட்டத்தின் முடிவையே அப்படிப்பட்ட ஒரு துள்ளல் மாற்றிவிடலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல்நிலைப் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியும் பருவம் முழுவதிலும் 12 ஆட்டங்கள்தாம் ஆடும். ஆகையால் பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அக்டோபர் முதல் வாரத்தில் ஊகம் சொல்பவரிடம் அணிக்கு நான்கைந்து ஆட்டங்களின் விவரம்தான் இருக்கும். அதுவும் பாதி ஆட்டங்கள் எளிய எதிரிகளோடு ஆடியவையாக இருக்கலாம். இவ்வளவு குறைந்த தரவை வைத்துக்கொண்டு ஓர் ஆய்வு மாணவர் முடிவு எழுதினால் அவருடைய வழிகாட்டி சும்மா விடமாட்டார்!

ஒரு சனிக்கிழமையின் முடிவுகள்

2007-ஆம் ஆண்டு அக்டோபர் 6. அன்று நடந்தவற்றில் எட்டு ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கீழே ஒவ்வொரு வரியிலும் முதலில் இருப்பது, வெல்லும் என்று நம் ஊகக்காரர் தேர்ந்தெடுத்த அணி.

தென் கலிஃபோர்னியா 23 – ஸ்டான்ஃபோர்டு 24
லூசியானா மாநிலம் 28 – ஃப்ளோரிடா 24
ஓக்லஹோமா 28 – டெக்சாஸ் 21
ஒஹையோ மாநிலம் 23 – பர்டியூ 7
விஸ்கான்சின் 26 – இல்லினாய் 31
மிசௌரி 41 – நெப்ராஸ்கா 6
ஜார்ஜியா 14 – டென்னசி 35
வர்ஜீனியா டெக் 41 – கிளெம்சன் 23

ஆட்ட முடிவுகள் உண்மை; ஊகக்காரர் மட்டும் கணக்குக்காக நாம் படைத்துக்கொண்டவர். அவர் சொன்னதில் ஐந்து சரி, மூன்று தவறு. நூற்றுக்கு 62.5. பள்ளிக்கூடத்தில் இது முதல் வகுப்பு. ஆனால் ஊகத்துக்கு இந்த மாதிரி மதிப்பெண் போடுவது சரிதானா? 1884-லேயே, கால்பந்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இடத்தில் இந்தக் கேள்வி எழுந்துவிட்டது.

சூறாவளி சொன்ன பாடம்

ஜான் பார்க் ஃபின்லி என்பவர் அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவில் பணிபுரிந்தார். 1884-இல் அவர் ஒரு சோதனை செய்தார். நாட்டைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, "இன்று இந்தப் பகுதியில் சுழற்காற்று வரும்" அல்லது "வராது" என்று அன்றாடம் எழுதி வைத்தார். மொத்தம் 2803 முன்னறிவிப்புகள். அவற்றில் 2708 சரியாக இருந்தன. அதாவது 96.6 சதவீதம்! யாராக இருந்தாலும் மகிழ்ந்துபோகும் எண்.

அதே ஆண்டில் கில்பர்ட் என்னும் புவியியல் அறிஞர் இந்த மகிழ்ச்சியில் ஓட்டை போட்டார். அந்த 2803 தடவைகளில் சுழற்காற்று உண்மையில் வந்தது 51 முறைதான். எதையும் ஆராயாமல், கண்ணை மூடிக்கொண்டு "வராது, வராது" என்றே எழுதியிருந்தால் 2752 முறை சரியாக இருந்திருக்கும். அது 98.2 சதவீதம். வேலையே செய்யாதவர் ஃபின்லியைவிட அதிக மதிப்பெண் பெறுகிறார்!

இதனால் ஃபின்லியின் உழைப்பு வீண் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் 100 முறை "வரும்" என்றார். 28 முறை வந்தது. வந்த 51 சுழற்காற்றுகளில் 28-ஐ முன்கூட்டியே சொன்னவர் அவர். எப்போதும் "வராது" என்பவர் ஒரு வீட்டைக்கூடக் காப்பாற்றியிருக்க மாட்டார். குற்றம் ஃபின்லியின் மீது அல்ல, "எத்தனை சரி" என்று மட்டும் எண்ணும் அளவுகோலின் மீது.

இதே ஓட்டை கால்பந்திலும் உண்டு. பருவத் தொடக்கத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் சிறிய அணிகளை அழைத்து ஆடுவது வழக்கம். அந்த வாரங்களில் "பெரியது வெல்லும்" என்று எழுதினாலே மதிப்பெண் கொட்டும். அப்படிப்பட்ட ஆட்டங்களை நிறையச் சேர்த்துக்கொண்டு "நூற்றுக்குத் தொண்ணூறு சரி" என்று ஒருவர் சொன்னால், "எந்த ஆட்டங்களில்?" என்று கேட்க வேண்டும். அந்த எளிய ஆட்டங்களும் சில சமயம் காலை வாரிவிடும் என்பது வேறு. 2007 செப்டம்பர் 1 அன்று, நாட்டில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்னிலையில், தன் சொந்த மைதானத்திலேயே, கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 32–34 என்று தோற்றது.

நிச்சயம் என்றால் எவ்வளவு நிச்சயம்?

"தென் கலிஃபோர்னியா வெல்லும்", "ஜார்ஜியா வெல்லும்" என்னும் இரண்டு வாக்கியங்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. ஆனால் சொன்னவரின் மனத்தில் இரண்டுக்கும் ஒரே உறுதி இருந்திருக்குமா? இருக்காது. முதலாவதைக் கேட்டிருந்தால் "சந்தேகமே இல்லை" என்றிருப்பார். இரண்டாவதைக் கேட்டிருந்தால் தலையைச் சொறிந்திருப்பார். அந்த உறுதியின் அளவை எண்ணாகச் சொல்லச் சொல்ல வேண்டும். அதுதான் நீங்கள் கணக்குப் பாடத்தில் படிக்கும் நிகழ்தகவு.

1950-இல் அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த க்ளென் பிரையர், இப்படி எண்ணாகச் சொல்லப்படும் முன்னறிவிப்புகளுக்கு மதிப்பெண் போட ஒரு வழி சொன்னார். வழி மிக எளிது. நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன நிகழ்தகவுக்கும் அந்த 1 அல்லது 0-க்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து வர்க்கப்படுத்துங்கள். அதுதான் உங்கள் தண்டப் புள்ளி. எல்லா ஊகங்களுக்கும் சராசரி எடுத்தால் அதுவே பிரையர் மதிப்பெண். குறைவாக இருந்தால் நல்லது. 0 என்றால் முற்றறிவு. 1 என்றால் முழு மூடத்தனம். (பிரையர் எழுதிய மூல வடிவில் வெற்றிக்கும் தோல்விக்கும் தனித்தனியே கூட்டுவதால் எண் இரு மடங்காகும். இன்று பலரும் பயன்படுத்துவது இந்தச் சுருங்கிய வடிவம்.)

நம் எட்டு ஆட்டங்களுக்கு இப்போது இரண்டு ஊகக்காரர்களைக் கற்பனை செய்வோம். இருவரும் தேர்ந்தெடுத்த அணிகள் ஒன்றே. ஒருவர் துணிச்சல்காரர், எட்டு ஆட்டத்துக்கும் "நூறு சதவீதம் நிச்சயம்" என்கிறார். மற்றவர் நிதானக்காரர். அவர் தென் கலிஃபோர்னியாவுக்கு 95, லூசியானாவுக்கு 70, ஓக்லஹோமாவுக்கு 65, ஒஹையோவுக்கு 75, விஸ்கான்சினுக்கு 55, மிசௌரிக்கு 70, ஜார்ஜியாவுக்கு 55, வர்ஜீனியா டெக்குக்கு 60 சதவீதம் என்று எழுதுகிறார்.

பழைய முறைப்படி இருவருக்கும் எட்டுக்கு ஐந்து. பிரையர் முறைப்படி?

துணிச்சல்காரருக்குக் கணக்கு சுலபம். சரியான ஐந்துக்கும் தண்டம் 0. தவறான மூன்றுக்கும் தண்டம் 1. சராசரி 3/8, அதாவது 0.375.

நிதானக்காரருக்கு ஒவ்வொன்றாகப் போடுவோம். லூசியானா வென்றது, அவர் சொன்னது 0.70, வித்தியாசம் 0.30, வர்க்கம் 0.09. மிசௌரிக்கும் அதே 0.09. ஓக்லஹோமா 0.1225. ஒஹையோ 0.0625. வர்ஜீனியா டெக் 0.16. தோற்ற விஸ்கான்சினுக்கு 0.55-இன் வர்க்கம், 0.3025, ஜார்ஜியாவுக்கும் அதுவே. தென் கலிஃபோர்னியாவுக்கு 0.95-இன் வர்க்கம், 0.9025. எல்லாம் கூட்டினால் 2.0325. எட்டால் வகுத்தால் 0.254.

துணிச்சல்காரரைவிட நிதானக்காரர் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் அவசரப்பட்டுக் கைதட்டிவிடாதீர்கள். எதுவுமே தெரியாத ஒருவர் எல்லா ஆட்டத்துக்கும் பூவா தலையா என்று 50 சதவீதம் எழுதியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் தண்டம் 0.5-இன் வர்க்கம், அதாவது 0.25. சராசரியும் 0.25. நம் நிதானக்காரர் பூவா தலையாவிடம் மயிரிழையில் தோற்றுவிட்டார்!

காரணம் ஒரே ஓர் ஆட்டம். அதை நீக்கிவிட்டு மற்ற ஏழுக்கும் சராசரி எடுத்தால் 0.161, அருமையான மதிப்பெண். ஆனால் பிடிக்காத ஆட்டத்தை நீக்கிவிட்டுக் கணக்குப் போடுவது பரிசோதனைக் கூடத்தில் ஒத்துவராத அளவீட்டை அழித்துவிடுவது போன்றது. அதற்கு அனுமதி இல்லை.

வர்க்கம் எதற்கு?

வித்தியாசத்தை அப்படியே தண்டமாக வைத்தால் போதாதா, ஏன் வர்க்கப்படுத்த வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுவே.

ஓர் அணி வெல்ல 70 சதவீத வாய்ப்பு உண்டு என்று நீங்கள் மனதார நம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு தடவை இதே நிலை வந்தால் 70 தடவை அது வெல்லும், 30 தடவை தோற்கும். நீங்கள் 0.7 என்று உள்ளபடி எழுதினால், வர்க்க முறையில் சராசரித் தண்டம் 0.7 × 0.09 + 0.3 × 0.49 = 0.21. கொஞ்சம் வீரம் காட்டி 0.9 என்று எழுதினால்? 0.7 × 0.01 + 0.3 × 0.81 = 0.25. ஒரேயடியாக 1 என்று எழுதினால் 0.30. பயந்துகொண்டு 0.6 என்று எழுதினால் 0.22, 0.5 என்று எழுதினால் 0.25. எந்த எண்ணை வைத்துப் பார்த்தாலும் 0.21-க்குக் கீழே போக முடியாது. காகிதத்தை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

வர்க்கம் இல்லாமல் வெறும் வித்தியாசத்தை எடுத்தால் நிலைமை கெட்டுவிடும். உள்ளபடி 0.7 என்று எழுதுபவருக்குச் சராசரித் தண்டம் 0.7 × 0.3 + 0.3 × 0.7 = 0.42. "நிச்சயம்" என்று 1 எழுதுபவருக்கு 0.30 மட்டுமே! மிகைப்படுத்துபவர் ஜெயிக்கிறார். ஆக, மதிப்பெண் போடும் முறையே ஒருவரைப் பொய் சொல்லத் தூண்டலாம். வர்க்க முறையில் மனத்தில் உள்ளதைச் சொல்வதே இலாபம். தேர்வில் மதிப்பெண் முறை மாணவர்களின் படிப்பு முறையை மாற்றிவிடுகிறது என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

எட்டு ஆட்டம் போதாது

மீண்டும் நம் நிதானக்காரரிடம் வருவோம். அவருடைய எட்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள்: 0.95 + 0.70 + 0.65 + 0.75 + 0.55 + 0.70 + 0.55 + 0.60 = 5.45. இதன் பொருள் என்ன? "என் எட்டு ஊகங்களில் சுமார் ஐந்தரை சரியாக வரும், இரண்டு மூன்று பொய்க்கும், எவை பொய்க்கும் என்பது எனக்குத் தெரியாது" என்று வெள்ளிக்கிழமையே அவர் சொல்லிவிட்டார். வந்தது ஐந்து. துணிச்சல்காரர் எட்டு வரும் என்றார். அவருக்கும் வந்தது ஐந்துதான். இந்தக் கண்ணோட்டத்தில் நிதானக்காரர் தம்மைப் பற்றி மிகச் சரியாகவே அறிந்திருக்கிறார்.

இதையே நீண்ட காலத்துக்குச் செய்து பார்க்க வேண்டும். வெப்பமானி சரியாக இருக்கிறதா என்று உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல ஒருவருடைய "70 சதவீதம்" உண்மையிலேயே 70 சதவீதம்தானா என்று பார்க்க, அவர் 70 என்று எழுதிய ஆட்டங்களை மட்டும் தனியே பொறுக்கி எடுத்து, அவற்றில் எத்தனை பலித்தன என்று எண்ண வேண்டும். அப்படியே 60-க்கு ஒரு கட்டு, 80-க்கு ஒரு கட்டு, 95-க்கு ஒரு கட்டு.

எத்தனை ஆட்டங்கள் இருந்தால் போதும்? 70 சதவீத ஊகங்கள் 10 இருந்தால் 7 பலிக்க வேண்டும். ஆனால் திட்ட விலக்கம் 1.45 என்பதால் 5 அல்லது 6 பலித்தாலும், 8 பலித்தாலும் வியப்பதற்கில்லை. 100 இருந்தால் 70 பலிக்க வேண்டும். திட்ட விலக்கம் 100 × 0.7 × 0.3 என்பதன் வர்க்கமூலம், ஏறத்தாழ 4.6. அதாவது 65-க்கும் 75-க்கும் இடையில் எது வந்தாலும் குறை சொல்ல முடியாது. வாரத்துக்கு எட்டு வீதம் 13 வாரம் ஊகித்தால் மொத்தம் 104 ஊகங்கள். ஐந்து கட்டுகளாகப் பிரித்தால் கட்டுக்கு இருபதுதான். ஒரு முழுப் பருவமே போதாது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு ஒருவரை மேதை என்றும் மண்டு என்றும் பட்டம் கட்டுவதை என்னென்பது!

சரியாக வந்ததையும் சோதியுங்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் எல்லோரும் தவறிப்போனவற்றை மட்டுமே கிளறுகிறார்கள். பலித்தவற்றை "சரி" என்று குறியிட்டுவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். லூசியானா மாநிலம் அன்று 28–24 என்று வென்ற ஆட்டத்தைப் பாருங்கள். அன்று தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணி அது. நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் பந்தை உதைத்து அனுப்பிவிடாமல், அந்த அணி ஐந்து முறை துணிந்து முன்னேறப் பார்த்தது. ஐந்து முறையும் வெற்றி. ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு பாதி என்று வைத்துக்கொண்டால், ஐந்தும் பலிக்க 32-இல் ஒரு வாய்ப்பு. அவற்றில் ஒன்றிரண்டு பொய்த்திருந்தால் நான்கு புள்ளி வித்தியாசம் நின்றிருக்குமா? "லூசியானா வெல்லும்" என்ற ஊகம் பலித்தது உண்மை. ஆனால் அது நல்ல ஊகமாக இருந்ததால் பலித்ததா, அதிர்ஷ்டத்தால் பலித்ததா என்பது தனிக் கேள்வி.

இனி அந்தத் தென் கலிஃபோர்னியா ஆட்டம். தரவரிசையில் இரண்டாம் இடம். சொந்த மைதானத்தில் தொடர்ந்து 35 வெற்றிகள். ஸ்டான்ஃபோர்டோ முந்தைய ஆண்டு 12 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வென்ற அணி; முந்தைய வாரம் 3–41 என்று அரிஸோனா மாநிலத்திடம் உதை வாங்கிய அணி. அதன் முதன்மைப் பந்தெறி வீரர் உடல்நலம் குன்றியிருந்ததால், இதுவரை ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடியிராத மாற்று வீரர் களம் இறங்கினார். ஸ்டான்ஃபோர்டு 41 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்பது பொதுக் கணிப்பு. ஆட்டத்தின் நடுவே தென் கலிஃபோர்னியாவின் பந்தெறி வீரருக்கு எறியும் கையில் ஒரு விரல் முறிந்தது. அவர் எறிந்த பந்துகளில் நான்கு எதிரணியின் கையில் போய் விழுந்தன. ஆட்டம் முடிய 49 விநாடி இருக்கும்போது, நான்காவது முயற்சியில், ஸ்டான்ஃபோர்டு எல்லையைத் தொட்டது.

மறுநாள் இதைப் படித்தவர்களில் எத்தனை பேர் "எனக்கு அப்போதே தோன்றியது" என்றிருப்பார்கள்! மனித மனத்தின் இந்த வேடிக்கையை இரண்டு உளவியலாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்ஸன் பீகிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன்பு, பாருக் ஃபிஷாஃப், ரூத் பேத் ஆகிய இருவரும் இஸ்ரேல் மாணவர்களிடம், பயணத்தில் என்னென்ன நடக்கக்கூடும் என்பதற்கு நிகழ்தகவுகளை எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, "நீங்கள் அன்று எழுதிய எண் என்ன?" என்று நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். நடந்துவிட்ட நிகழ்ச்சிகளுக்கு, தாங்கள் உண்மையில் எழுதியதைவிட அதிகமான எண்ணை எழுதியதாகவே மாணவர்கள் நினைவுகூர்ந்தார்கள். ஆராய்ச்சி முடிவு 1975-இல் வெளியாயிற்று. அவர்கள் பொய் சொல்லவில்லை. நினைவுதான் முடிவுக்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொண்டது. ஆகவே ஊகத்தை மையால் எழுதி, தேதியும் போட்டு வைக்க வேண்டும். புவியீர்ப்பு முடுக்கம் 980 வரவேண்டும் என்று தெரிந்துகொண்டு, ஊசலின் நேரத்தை அதற்கேற்றபடி 'கவனித்து' எழுதும் மாணவர்களைச் செய்முறை வகுப்பில் பார்த்திருப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முறிந்த விரலுக்காக நிதானக்காரரைக் குறை சொல்ல முடியாது. அது வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாது. ஆனால் மாற்று வீரர் ஆடப்போகிறார் என்பது முன்பே தெரிந்த செய்தி. அதை அவர் கணக்கில் எடுத்தாரா? முன்பே தெரிந்திருக்கக் கூடியது, தெரிந்திருக்கவே முடியாதது என்று இரண்டு பத்தி போட்டுக் காரணங்களைப் பிரித்து எழுதுவதுதான் உருப்படியான ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஒரு பௌதிக ஆசிரியரின் முறை

இந்த மறுபரிசீலனையை ஒரு சூத்திரமாகவே ஆக்கியவர் ஆர்பட் ஈலோ. ஹங்கேரியில் பிறந்தவர்; அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்தவர். (எங்கள் இனத்தவர் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்!) சதுரங்க வீரர்களின் வலிமையை அளக்க அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இலும் ஏற்றுக்கொண்டன. இன்று கல்லூரிக் கால்பந்து அணிகளுக்கும் பலர் இதே முறையில் எண் கொடுக்கிறார்கள்.

ஒவ்வோர் அணிக்கும் ஒரு வலிமை எண் உண்டு. இரு அணிகளின் எண்களுக்கிடையே 400 வித்தியாசம் இருந்தால் வலியதன் வாய்ப்பு 11-இல் 10. வித்தியாசம் 200 என்றால் சுமார் 76 சதவீதம். ஆட்டம் முடிந்ததும் எண்களைத் திருத்த வேண்டும். எப்படி? நடந்ததிலிருந்து (1 அல்லது 0) எதிர்பார்த்ததைக் கழித்து, ஒரு நிலையான எண்ணால் பெருக்கி, பழைய எண்ணோடு கூட்ட வேண்டும். நிலையான எண் 20 என்று கொள்வோம். 95 சதவீத வாய்ப்புள்ள அணி வென்றால் அதற்குக் கூடுவது 20 × 0.05 = 1 மட்டுமே. தோற்றாலோ 20 × 0.95 = 19 குறையும்; வென்ற எளிய அணிக்கு அதே 19 கூடும். எதிர்பார்த்தது நடந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் கற்றுக்கொள்வதற்கில்லை. எதிர்பாராதது நடந்தால் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆயினும் ஒரே ஆட்டத்துக்காகத் தலைகீழாக மாறிவிடவும் கூடாது. அந்தப் பெருக்கும் எண்ணைச் சிறியதாக வைத்திருப்பதன் சூட்சுமம் இதுதான்.

வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புவோர், நாளை மாலைக்குள் உங்கள் ஊரில் மழை வருமா என்பதற்கு ஒரு மாதம் தினமும் நிகழ்தகவு எழுதிப் பிரையர் மதிப்பெண் போடலாம். கோடையில் செய்தால் ஃபின்லியின் கதைதான் நடக்கும், ஐப்பசியில் செய்யுங்கள்.

அந்த 2007-ஆம் ஆண்டின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டு பருவத்தை 4 வெற்றி, 8 தோல்வியோடு முடித்தது. தென் கலிஃபோர்னியா 11 வெற்றி, 2 தோல்வி. 2008 ஜனவரி 1 அன்று ரோஸ் பௌல் ஆட்டத்தில் அது 49–17 என்று வீழ்த்தியது வேறு யாரையும் அல்ல, விஸ்கான்சினைச் சாய்த்த அதே இல்லினாயை. இவற்றைப் பார்த்தால் அக்டோபர் முதல் வாரத்தில் நிதானக்காரர் எழுதிய 95 அப்படியொன்றும் அசட்டு எண்ணாகத் தோன்றவில்லை. முதலிடத்து லூசியானா மாநிலமோ அடுத்த சனிக்கிழமையே கென்டக்கியிடம் மூன்று கூடுதல் சுற்றுகள் ஆடி 37–43 என்று தோற்றது. பிறகு இன்னொரு முறையும் தோற்றது. அப்படியும் இறுதியில் ஒஹையோ மாநிலத்தை 38–24 என்று வென்று தேசியச் சாம்பியன் ஆயிற்று. அந்தக் கென்டக்கி ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நீங்கள் லூசியானாவுக்கு எத்தனை சதவீதம் எழுதியிருப்பீர்கள்? இப்போது உங்களைக் கேட்டுப் பயனில்லை, முடிவைத்தான் படித்துவிட்டீர்களே!